இதோ, அந்த வளைவு தாண்டினால்

கடையநல்லூரில் யாரும் மலையைப் பார்ப்பதில்லை. மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கருப்பாநதி அணைக்குத் தண்ணீர் வருமா என்று பார்ப்பார்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்திருக்குமா என்று மொட்டைமாடியில் நின்று மூக்கை நீட்டி மோந்து பார்ப்பார்கள். மலையை மலைக்காகவே பார்க்கிறவன் வெளியூர்க்காரன். ரயிலை விட்டு இறங்கி மேற்கே திரும்பி ஒருவன் வாயைப் பிளந்தான் என்றால், ஆட்டோ அண்ணாச்சி வாடகையில் ஐம்பது ரூபாய் கூட்டிச் சொல்லுவார்.

மலையேறும் வழக்கமும் எங்களுக்குக் கிடையாது. ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரம் போனாலே வனத்துறையின் எல்லை. ஆனால் அந்தக் குறையை யானைகள் தீர்த்துவைக்கின்றன. வடகரை, மேக்கரைப் பக்கத்துத் தோப்புக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். நாம் மலைக்குப் போகாவிட்டாலும் மலை ராத்திரி தோப்புக்கு வந்துவிடும். தென்னங்குருத்தைத் தின்று, வாழையைச் சாய்த்து, விடிவதற்குள் மரியாதையாகத் திரும்பியும் போய்விடும். இப்படிப் போக்குவரத்து இருக்கையில் நாம் வேறு எதற்கு மேலே போக வேண்டும் என்பதுதான் ஊரின் பொதுக்கருத்து.

அதை மீறியவர் எங்கள் அத்தான். அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்காக நடக்கச் சொன்ன டாக்டரின் பேச்சைக் கேட்டுத் தினமும் காலையில் கிருஷ்ணாபுரம் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான் வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு வீடியோ அனுப்பிவிட்டான். செங்குத்தான கரும்பாறை. அதில் வரிசையாகக் கடப்பாறைகள் அறைந்திருக்கின்றன. பக்கத்தில் கனத்த சங்கிலி. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி ஏறிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பாட்டிதான் அத்தானைத் தூங்கவிடவில்லை.

“மாப்ளே, அந்தம்மாவுக்கு எழுபது இருக்கும். நமக்கு அறுபத்து ரெண்டுதான?” என்றார்.

அந்த ‘நமக்கு’ என்ற சொல்லுக்குள் என்னையும் போட்டு இழுத்துவிட்டார். எனக்கு இன்னும் ஐம்பதே ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று.

ரயில் ஏறுவதற்கு முன்னால் நியாயமான மாற்று யோசனைகள் எல்லாவற்றையும் நான் சொல்லிப் பார்த்தேன். மலை ஏற வேண்டுமென்றால் முதல் உரிமை பொதிகைக்குத்தான். அகத்தியர் குடியிருக்கிற மலை, 1,868 மீட்டர் உயரம், தாமிரபரணி பிறக்கிற இடம். ஆனால் அதற்குக் கேரளத்துக்குப் போய், போனக்காட்டில் நின்று, ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரம் மட்டும் கிடைக்கிற அனுமதிச் சீட்டை வாங்கி, போகவும் வரவும் மூன்று நாள் நடக்க வேண்டும். “அந்தச் சீட்டு நம்ம கைக்கு வர்றதுக்குள்ள அகத்தியரே இறங்கி வந்துருவாரு” என்று அத்தான் அதை அடித்துவிட்டார். 2024 அக்டோபரில் அரசாங்கமே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 மலைப்பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. அக்கா ‘எளிது’ என்ற பட்டியலை எடுத்து நீட்டினாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியாகச் சதுரகிரியைச் சொன்னேன். வத்திராயிருப்பு போய்த் தாணிப்பாறையில் ஏறினால் மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, பிலாவடிக் கருப்பு என்று வழிநெடுகப் பெயர் பெற்ற இடங்களாகப் பார்த்துக்கொண்டே மகாலிங்கத்தைப் போய்ச் சேர்ந்துவிடலாம். காலையில் புறப்பட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. இதற்கு அத்தான் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

“அமாவாசைன்னா அங்க நம்மூர்ல பாதிப் பேரு வருவான் மாப்ளே. நடுவழியில நாம மூச்சு வாங்க உக்காந்தோம்னு வை, நாம வீடு வந்து சேர்றதுக்கு முன்னால விஷயம் வந்து சேர்ந்துரும்.”

ஆக, தெரிந்தவர் கண்ணில் படாமல் மூச்சு வாங்குவதற்காக நானூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போவதென்று தீர்மானமாயிற்று. பொதிகைக்குப் போக முடியாத நாங்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினோம்.

இடம் பர்வதமலை. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கும் செங்கத்துக்கும் நடுவில், கடலாடி, தென்மாதிமங்கலம் என்ற ஊர்களின் தலைக்கு மேல் நிற்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் என்று சொல்கிறார்கள். உச்சியில் மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகையும் இருக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து பார்த்தால், கோயில் கட்ட இவ்வளவு தரை சும்மா கிடக்கையில் இங்கே ஏன் கொண்டுபோய்க் கட்டினார்கள் என்ற கேள்விதான் முதலில் வரும். ஏறி முடித்த பிறகும் அதே கேள்விதான் வருகிறது. ஒரே வேறுபாடு, அப்போது அதைக் கேட்க மூச்சு இருக்காது.

அக்கா இந்தப் பயணத்தில் எப்படிச் சேர்ந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் அவளைக் கூப்பிடவே இல்லை. “உனக்கு முட்டி வலி, வீட்டிலிரு” என்றார் அத்தான். அக்கா இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “வருஷா வருஷம் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோயில்ல நூத்தியெட்டுச் சுத்துச் சுத்துதவ நான். நீங்க கோபுர வாசல்ல சர்பத் குடிச்சிட்டு நிப்பீக. யாரு முட்டிக்கு என்ன ஆகும்னு மேல போய்ப் பாத்துக்கிடுவோம்.”

ஆடிச்சுற்றைப் பற்றி வடக்கே உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்காது. கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற நாட்களில் பெண்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அந்தப் பிராகாரத்தை நூற்றெட்டு முறை சுற்றுவதென்றால் கிட்டத்தட்ட மாரத்தான் ஓடுவதுதான். எண்ணிக்கை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்குகிறவர்களும் உண்டு. இதை நான் அத்தானிடம் மெல்ல எடுத்துச் சொன்னேன். “அது சமதரை மாப்ளே” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அத்தான் தென்காசியில் மலையேறும் பூட்ஸ் வாங்கினார். மடக்குகிற ஊன்றுகோல், முட்டிக்கு உறை, தோளில் மாட்டுகிற தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். அந்தக் குழாயைக் கடித்துக்கொண்டு அவர் நடுக்கூடத்தில் நடந்து பழகியபோது என் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள், சிரிப்பை அடக்கத்தான். என்னிடம் தனியாக, “மாடியில காயப்போட்ட துணியை எடுத்துட்டு வரச் சொன்னா முதுகு பிடிச்சிருக்குங்கீங்க. மலைக்கு மட்டும் பிடிக்காதோ?” என்று கேட்டாள். அக்கா ஒரு தூக்குவாளியில் புளியோதரையும், பழைய சேலையைக் கிழித்த துணியில் உப்பும் எலுமிச்சம்பழமும் கட்டி எடுத்துக்கொண்டாள்.

நான் எடுத்துப் போனது மலைபடுகடாம்.

இதில் பெருமை ஒன்றுமில்லை. கல்லூரியில் மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டுப் பரணில் போட்ட புத்தகம். பர்வதமலை என்றதும் எங்கேயோ படித்த ஞாபகம் வந்து தேடி எடுத்தேன். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. 1889இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தபோதுதான் மறுபடி நம் கைக்குக் கிடைத்தது. செங்கண்மாவில், அதாவது இன்றைய செங்கத்தில், ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன் ஒருவன், எதிரே பசியோடு வருகிற கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதுதான் மொத்தப் பாட்டும். நன்னனுடைய நாட்டில் நவிரம் என்றொரு மலை வருகிறது. அதன் உச்சியில் காரியுண்டிக் கடவுள், நஞ்சுண்ட சிவன், இருக்கிறார். அந்த நவிரம் இந்தப் பர்வதமலையே என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ரயிலில் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு படித்தபோது எனக்கு வியப்பு தாங்கவில்லை. கல்லூரியில் இதை இலக்கியம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இது மலையேறுகிறவர்களுக்கான கையேடு. தினைப்புனத்தில் காட்டுப்பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு நடங்கள். குழிகளில் பாம்பு சுருண்டு கிடக்கும், இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போங்கள். யானையை விரட்டப் பரணிலிருந்து கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவிலேயே செல்லுங்கள். ஆற்றோரம் வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் காத்துக் கடந்து போங்கள். பொழுது சாய்ந்தால் குகைக்குள் உங்கள் வீட்டுக்குள் போகிற மாதிரி போய்ப் படுங்கள். குறவர்களே வழி மயங்குகிற இடம் ஒன்று வரும். அங்கே அகலமான பாறையில் எல்லோரும் கூடி உட்கார்ந்து வாத்தியங்களை முழக்குங்கள், புனம் காப்பவர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து பழம் கொடுத்து வழியும் காட்டுவார்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தக் கம்பெனியும் இதுவரை செய்யவில்லை.

இத்தனைக்கும் அந்தக் கூத்தர்கள் மத்தளம், குழல், கொம்பு, தாளம் என்று கச்சேரிச் சாமான் முழுவதையும் சுமந்துகொண்டு மலை ஏறியவர்கள். கூட வந்த பெண்களின் பாதம் பாறையில் தேய்ந்து தேய்ந்து, ஓடிக் களைத்த நாயின் நாக்கு மாதிரி இருந்ததாம். புலவர் நிச்சயம் நேரில் பார்த்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. வழி சொல்கிறவன் ஒரு இடத்திலும் பொய் சொல்லவில்லை. ‘கொஞ்ச தூரம்தான்’ என்று ஏமாற்றுகிற பேச்சே பாட்டில் இல்லை. மேலே போய்த் திரும்புகிறவன், மேலே போகிறவனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னான். அதைத்தான் நம் முன்னோர்கள் ஆற்றுப்படை என்று ஒரு தனி வகையாகவே வைத்துப் பாடியிருக்கிறார்கள். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான்.

இந்தக் கலை தமிழ்நாட்டில் எப்போது அழிந்தது என்று ஆராய விரும்புகிறவர்கள் பர்வதமலைக்குப் போக வேண்டும்.

திருவண்ணாமலையில் ராத்தங்கி, இருட்டோடு பஸ் பிடித்துத் தென்மாதிமங்கலத்தில் இறங்கினோம். அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில். அங்கே ஒரு செவலை நாய் எங்களோடு சேர்ந்துகொண்டது. இந்த மலையில் நாய்கள் ஆட்களுக்கு வழித்துணையாக வரும், பைரவர் என்றார்கள். எங்கள் பைரவர் அக்காவின் தூக்குவாளிக்குத்தான் துணையாக வந்தார் என்பது என் கருத்து. இருந்தாலும் கடைசிவரை வந்தார்.

முதலில் கற்படிகள். நூறு படி வரை அத்தான் பேசிக்கொண்டே வந்தார். நடப்பதன் நன்மை, இந்தத் தலைமுறையின் சோம்பல், தான் உத்தியோகத்தில் இருந்தபோது மாடிக்கு லிஃப்டில் போனதே இல்லை என்பது. (அந்த அலுவலகத்துக்கு மாடியே கிடையாது.) இருநூறாவது படிக்கு மேல் தலையாட்டல் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்று, குழாயிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் சத்தம் ஒன்றுதான். அக்கா செருப்பைக் கழற்றித் தூக்குவாளிக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் போய்விட்டாள். போகிற வேகத்தில் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. பழக்கதோஷம்.

படிகள் முடிந்ததும் நிம்மதி என்று நினைத்தோம். படிகள் முடிந்தால் பாறைகள் தொடங்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. உருண்டை உருண்டையாகக் கற்கள், நடுவில் வேர், வேருக்கு நடுவில் வழி. அங்கேதான் எதிரே இறங்கி வந்தவர்களிடம் அத்தான் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?”

“வந்துட்டீங்க சாமி. இதோ, அந்த வளைவு தாண்டினா கோயில்தான்.”

வளைவைத் தாண்டினோம். இன்னொரு வளைவு இருந்தது.

அதற்குப் பிறகு ஏறியது முழுவதும் ஒரு ஆராய்ச்சிதான். இறங்கி வருகிறவர்களில் இளைஞர்கள் எப்போதும் “பத்து நிமிஷம்” என்பார்கள். காலையிலிருந்து எங்கே கேட்டாலும் பத்து நிமிஷம். மலை முழுவதும் பத்து நிமிஷத்தால் ஆனது. கைக்குழந்தையோடு வருகிற தகப்பன்மார் “முக்கால்வாசி வந்துட்டீங்க” என்பார்கள். பெண்கள் தூரத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள், “அம்மா பாத்துப்பா, போங்க” என்பார்கள். இதில் பொய் இல்லை, விவரமும் இல்லை. வயசானவர்கள் நின்று, நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கண்டு பயப்பட வேண்டும். உண்மை தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி அது.

நான் கண்டுபிடித்த நம்பகமான அளவுகோல் ஒன்றே ஒன்று, தண்ணீர் பாட்டிலின் விலை. கீழே இருந்து எல்லாவற்றையும் ஒருவர் தலையில் சுமந்துதான் மேலே கொண்டு வருகிறார், விலை ஏறுவது நியாயம். ஒவ்வொரு கடையிலும் கேட்டுக்கொண்டே போனால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். நன்னனின் மலையில் வழியில் உள்ள சிற்றூர்களில் புகுந்து ‘நன்னனின் கூத்தர்’ என்று சொன்னால் போதும், நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறலும் சும்மா கிடைக்கும் என்று பெருங்கௌசிகனார் உறுதி கொடுக்கிறார். நான் ஒரு கடையில் “கடையநல்லூர்லேர்ந்து வர்றோம்” என்று சொல்லிப் பார்த்தேன். சுக்குக் காப்பியில் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டார்கள்.

பிறகு வீடியோவில் பார்த்த இடம் வந்தது.

வீடியோ எடுக்கிறவன் எவனும் பாறையின் சரிவைச் சரியாகக் காட்டுவதில்லை. நேரில் பார்த்தால் அது சரிவே இல்லை, சுவர். மலை அந்த இடத்தில் தன் தோலை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு எலும்பாக நிற்கிறது. இடதும் வலதும் கரும்பாறைக் கொம்புகள் தனித்தனியாக வானத்தில் குத்திக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் இடுக்கிலும் மேகம் புகுந்து புகுந்து வெளியே வருகிறது. நாம் ஏற வேண்டிய பாறையில் கடப்பாறைகள். பாட்டன் காலத்தில் யாரோ அறைந்து வைத்தவை, ஆயிரமாயிரம் கால்கள் பட்டுப் பளபளத்துக் கிடக்கின்றன. பக்கத்தில் சங்கிலி. இப்போது சுற்றி வர இரும்புப் படிகளும் போட்டிருக்கிறார்கள். அதிலும் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, இடைவெளியில் பள்ளத்தாக்கு இருக்கிறது.

அத்தான் பாறையைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். “மாப்ளே, நீ முன்னால போ” என்றார். “விழுந்தா நான் புடிச்சிக்கிடுதேன்.”

பாதியில், ஒரு காலைக் கடப்பாறையில் வைத்து மறு காலுக்கு இடம் தேடிக்கொண்டு நின்றபோது கோமதி அம்மன் ஞாபகம் வந்தது. ஒற்றைக் கால் தவம் எவ்வளவு பெரிய காரியம் என்று சங்கரன்கோவிலில் கூட்டத்தோடு நின்று கும்பிட்டபோதெல்லாம் எனக்கு உறைத்ததில்லை. அடுத்து, காரணமே இல்லாமல், ஜாப் சார்னாக் ஞாபகம் வந்தார். கல்கத்தாவை நிறுவியவர் என்று வெள்ளைக்காரர்கள் கொண்டாடிய ஆள். அவருடைய கல்லறைக்கு வைத்த கல்லை 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் ஆராய்ந்து, அது சென்னைப் பல்லாவரத்துப் பாறை என்று கண்டு, அந்த வகைப் பாறைக்கே சார்னோகைட் என்று பெயர் வைத்துவிட்டார். நாம் பல நூறு வருஷமாகக் கருங்கல் என்று சொல்லிக் கோயில் கட்டிக்கொண்டிருந்த கல்லுக்கு, அடியில் படுத்திருந்த ஒருவர் பெயர் வந்துவிட்டது. தமிழ்நாட்டு மலைகள் பலவற்றிலும் இந்தக் கல்தான். ஒரு கல்லோடு கன்னம் பதித்துக் கால் மணி நேரம் நின்றால் இப்படிப்பட்ட சிந்தனைகள் வருவது இயல்பு.

“சாமி, கொஞ்சம் நகருங்க” என்று கீழேயிருந்து ஒரு குரல். குனிந்து பார்க்கத் தைரியமில்லாமல் பக்கவாட்டில் ஒடுங்கினேன். ஒரு பாட்டி என்னைக் கடந்து ஏறிப் போனாள். வீடியோவில் வந்த பாட்டி இல்லை, இவள் வேறு. அங்கே நிறையப் பாட்டிகள் இருக்கிறார்கள்.

உச்சிக்குப் போனபோது அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தாள். தலையை முடிந்துகொண்டு, யாரோ செங்கம் பக்கத்துப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். “வாங்க, வாங்க” என்றாள், வீட்டுக்கு வந்தவர்களை வரவேற்கிற தோரணையில். அத்தான் பேசவில்லை. குழாயை வாயில் வைத்தார், தண்ணீர் வரவில்லை.

இந்தக் கோயிலில் ஒரு விசேஷம். ஏறி வந்தவர்கள் தங்கள் கையாலேயே சாமிக்கு அபிஷேகம் செய்து பூ வைக்கலாம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் கர்ப்பக்கிருகத்தின் இருட்டை எட்டி எட்டிப் பார்த்தே பழகிய எனக்கு, லிங்கத்தின் குளிர்ச்சி உள்ளங்கையில் பட்டதும் என்ன வேண்டுவதென்றே தெரியவில்லை. அத்தான் வேண்டிக்கொண்டது எனக்குக் கேட்டது. பத்திரமாக இறக்கிவிடச் சொன்னார்.

உச்சியிலிருந்து என்ன பார்த்தீர்கள் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் பார்க்கவில்லை. முழுவதும் மேகம். ஒரே ஒரு தடவை காற்று அடித்து விலகியதில், கீழே நாங்கள் ஏறிவந்த பாறை தெரிந்தது. மறுபடி மூடிக்கொண்டதற்கு நான் நன்றி சொன்னேன். அக்கா வாளியைத் திறந்து புளியோதரையை வாழையிலையில் வைத்தாள். ஒரு குரங்கு வந்து அத்தானுடைய எனர்ஜி பிஸ்கட்டை எடுத்துப் பிரித்து, முகர்ந்து, திருப்பி வைத்துவிட்டுப் போயிற்று. பைரவருக்குத் தனி இலை.

இறங்குவதைப் பற்றி மலைபடுகடாமில்கூட விவரமாக இல்லை. பரிசு வாங்கியவர்களுக்கு முட்டி வலி தெரியாது போலும். எங்களுக்குத் தெரிந்தது. ஏறும்போது நுரையீரல் மட்டும்தான் எதிர்ப்புத் தெரிவிக்கிறது. இறங்கும்போது தொடை, கெண்டைக்கால், கால் கட்டைவிரல் நகம் என்று எல்லாரும் தனித்தனியாக மனுக் கொடுக்கிறார்கள். அத்தான் கடப்பாறைப் பாதையை விட்டு இரும்புப் படியில், பின்பக்கமாக, சாமியைப் பார்த்தபடியே இறங்கினார். பக்தி என்று எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள்.

பாதி இறங்கியிருப்போம். கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர், முகமெல்லாம் சிவந்து, ஒரு பாறையில் சரிந்து கிடந்தார்கள். அதில் ஒருவன் அத்தானைப் பார்த்து, “இன்னும் எவ்வளவு தூரம் அங்கிள்?” என்றான்.

அத்தான் வாயைத் திறந்தார். “வந்துட்டீங்க தம்பி, இதோ அந்த வளைவு…”

“சும்மா இருங்க” என்றாள் அக்கா. “எய்யா, இன்னும் பாதிகூட ஆகலை. இதுக்கு மேல கல்லுப் பாதை, அது முடிஞ்சா கடப்பாறை, அங்கதான் கை நடுங்கும். கடப்பாறையை நம்பலாம், ஒவ்வொண்ணா கால வச்சுப் போங்க. கீழ குனிஞ்சு பாக்காதீங்க. செல்லை உள்ள வச்சிருங்க, குரங்கு புடுங்குது. முடியலைன்னா இரும்புப் படி இருக்கு, அதுல போனா சாமி கோவிச்சுக்கிடாது. பொழுது சாயுறதுக்குள்ள இறங்கிருங்க. இந்தாங்க, உப்பும் எலுமிச்சையும், நாக்குல வச்சுக்கிடுங்க.”

பையன்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் ஷூ கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். இருவர் தங்களுக்குள் பேசி அங்கிருந்தே கீழே திரும்பினார்கள், மற்றவர்கள் மேலே போனார்கள். இரண்டுமே புத்திசாலித்தனம்தான். பெருங்கௌசிகனார் 583 அடியில் செய்த வேலையை அக்கா ஒரு மூச்சில் செய்து முடித்ததாக நான் அவளிடம் சொன்னேன். “அது யாரு, உங்கூடப் படிச்சவனா?” என்றாள்.

ஊருக்குத் திரும்புகிற வழியில் விழுப்புரம் ஸ்டேஷனில் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்கு மேம்பாலம் ஏற வேண்டியிருந்தது. அதை ஏறி இறங்க நானும் அத்தானும் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. கடையநல்லூரில் இப்போது அத்தான் தினமும் மாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கடப்பாறைப் பாதையை விவரிக்கிறார். ஒவ்வொரு வாரமும் அந்தப் பாறை சற்று உயர்கிறது. பூட்ஸ் விற்பனைக்கு இருக்கிறது. ஒரே தடவை போட்டது.

போக நினைக்கிறவர்களுக்கு: மழைக்காலம் வேண்டாம், ஓடையில் தண்ணீர் திடீரென்று வரும், பாறையும் வழுக்கும். பௌர்ணமியில் கூட்டம் நெரியும். சாதாரண நாளில் விடிகாலையில் ஏறத் தொடங்குங்கள். இதயத்திலோ மூச்சிலோ கோளாறு உள்ளவர்கள் அடிவாரத்துப் பச்சையம்மனோடு நிறுத்திக்கொள்ளலாம். கொண்டுபோகிற பாட்டிலைக் கீழே கொண்டுவந்து போடுங்கள். இறங்கும்போது எதிரே வருகிறவர் “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், தயவுசெய்து, உண்மையைச் சொல்லுங்கள்.